பன்னிரண்டாவது இடம் யாருக்கு?

விளையாட்டு மன்றம் ஒன்றில் 15 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் ஒருவர் உளவியல் ஆலோசகரான எனக்கு எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

அவரிடம் 19 பேர் பயிற்சிக்கு வருகிறார்கள். அடுத்த போட்டிக்கு 12 பேரைத்தான் பதிவு செய்ய முடியும். இன்னும் ஐந்து வாரத்தில் பட்டியல் கொடுக்க வேண்டும். "11 பேர் முடிவாகிவிட்டது, கடைசி ஓர் இடம்தான் என்னைத் தூங்கவிடவில்லை" என்கிறார். அந்த இடத்துக்கு இருவர். ஒருவன் நான்கு ஆண்டுகளாகத் தவறாமல் வருகிறவன், உயரம் குறைவு. முதல் ஆளாக வந்து நெட் கட்டுவான், கடைசி ஆளாகப் பந்துகளைப் பையில் போட்டு வைத்துவிட்டுப் போவான். பின்வரிசையில் நின்றால் பந்தைத் தரையில் விழ விடமாட்டானாம். மற்றவன் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நல்ல உயரம், அடித்தால் பிளாக் போட்ட, அதாவது நெட்டில் தடுக்க உயர்த்திய, கைகளுக்கு மேலாகப் பந்து இறங்கும். ஆனால் சர்வீஸ் எடுக்க, அதாவது எதிரணி போடும் சர்வீஸை வாங்கித் தூக்க, வராது; அடிக்கடி தாமதமாக வருவான். உழைப்புக்கு இடம் கொடுப்பதா, திறமைக்குக் கொடுப்பதா என்பது அவர் கேள்வி.

கூடவே மூன்று செய்திகள். போன ஆண்டு பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டார்; இடம் கிடைக்காத ஒரு பையன் மறுநாளிலிருந்து வரவே இல்லை. இன்னொரு பையனின் அப்பா, மகனை எடுக்காவிட்டால் வழக்குப் போடுவேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். முடிவைப் பையன்களின் ரகசிய வாக்கெடுப்புக்கே விட்டுவிடலாமா என்ற யோசனையும் அவருக்கு இருக்கிறது. கடிதத்தின் நடுவில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: "11 பேரில் ஒருவன் மன்றச் செயலாளரின் மகன், அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை."

அன்புள்ள பயிற்சியாளருக்கு,

யாரையும் நோகடிக்காத ஒரு பட்டியல் எங்கோ இருக்கிறது, இன்னும் நாலு ராத்திரி யோசித்தால் அது அகப்பட்டுவிடும் என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுக்க ஓடுகிறது. அப்படி ஒரு பட்டியல் கிடையாது. 19 பேரில் 12 பேர் என்றால் 7 பேருக்கு வலிக்கும். உங்கள் நாற்காலியில் யார் உட்கார்ந்து எழுதினாலும் வலிக்கும். அந்த 7 பேர் எந்த அளவுகோலால் வெளியே நிற்கிறார்கள், அந்தச் செய்தியை யார் வாயால் எப்படிக் கேட்கிறார்கள் என்ற இரண்டும்தான் உங்கள் கையில் இருக்கின்றன. போன ஆண்டு இரண்டாவது தவறிப்போனது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். வெளியே நிற்கப்போகும் 7 பேரில் ஒருவனுக்காகத்தான் உங்கள் தூக்கம் கெடுகிறது. மற்ற 6 பேரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, எல்லாருக்கும் நேர்வதுதான். ஆனால் சிரமமில்லாமல் முடிவான பெயர்களைத்தான் ஒருமுறை கூடுதலாகப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் 11 பெயர்களையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அடைப்புக்குறிக்குள் போட்ட வரி

செயலாளர் மகனைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்கிறீர்கள். எனக்கோ உங்கள் சிக்கலே அங்கேதான் இருப்பதாகப் படுகிறது. அவன் ஆட்டத்தால் அந்த 11 பேரில் வந்தவன் என்றால் அவன் அப்பா யார் என்று எழுத வேண்டிய தேவையே உங்களுக்கு வந்திருக்காது. அவன் அப்படி வரவில்லை என்றால், காலியாக இருப்பது இரண்டு இடம். நீங்கள் தவிக்கும் இரண்டு பையன்களுமே உள்ளே வரலாம். நான்கு ஆண்டு உழைத்தவனையும் எட்டு மாதத்துக்கு முன் வந்தவனையும் தராசில் வைத்து நீங்கள் அல்லாடுவது, மூன்றாவது ஒருவனைத் தொடக்கூடாது என்று முதலிலேயே ஒதுக்கி வைத்ததால்தான்.

உங்கள் சம்பளம் அந்தச் செயலாளரின் கையெழுத்தில் வருகிறது என்பதும் புரிகிறது. அதை மறந்துவிட்டு, துணிந்து நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரையும் எதிர்க்காமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தேர்வுக்கான அளவுகோலை ஒரே பக்கத்தில் எழுதி, ட்ரையல்ஸுக்கு முன்பே நிர்வாகக் குழுவின் ஒப்புதலுக்கு அனுப்புங்கள். ஒப்புதல் வந்ததும் பையன்களுக்கு வாசித்துக்காட்டுங்கள். யார் பெயரும் இல்லாத தாளை மறுக்கக் காரணம் தேடுவது கஷ்டம். குழுவில் இருப்பவரின் பிள்ளையோ உறவோ போட்டியில் இருந்தால் அவர் தேர்வு பற்றிய பேச்சில் கலந்துகொள்ள மாட்டார் என்ற வரியும் அதில் இருக்கட்டும். மதிப்பெண் போட வெளியிலிருந்து இன்னொரு பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள். செயலாளர் மகன் அந்தத் தாளின்படியே உள்ளே வந்தால் முதலில் நிம்மதி அடைவது அவனாகத்தான் இருக்கும். அப்பாவால் வந்தவன் என்று கூட ஆடுகிறவர்கள் முணுமுணுப்பது 14 வயதுப் பையன் காதில் விழாமலா போகும்?

அதற்கு மேலும் நிர்வாகம் பட்டியலை மாற்றினால், உங்கள் பரிந்துரையைத் தேதி போட்டு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வேலையை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி வெளியே போகிறவனிடம், உன் ஆட்டம் போதவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "கடைசி முடிவு என்னுடையது மட்டும் இல்லை. உன் ஆட்டத்தைப் பற்றி என் மதிப்பீடு இது" என்று தாளைக் காட்டி நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லாத குறை ஒன்றைச் சொல்லி அனுப்பினால், அவன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்பான்.

உழைப்பு, திறமை என்று பிரித்தது

நான்கு ஆண்டு வருகையால் மட்டும் அணியில் இடம் வந்துவிடாது. நெட் கட்டிய அந்தப் பையனை நினைத்தால் இதை எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது. வருகைக்கு மதிப்புண்டு என்று நீங்கள் முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லியிருந்தால் அதைக் கணக்கில் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு கடைசி நாளில் எடுத்துப் போட்டால் புதியவனுக்கு அது அநியாயம். புதியவன் ஏன் தாமதமாக வருகிறான் என்று நீங்கள் கேட்டதாகவும் கடிதத்தில் இல்லை. தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டுவிட்டு வரலாம். வெறும் சோம்பலாகவும் இருக்கலாம். இரண்டும் ஒன்றில்லை. கேட்டுவிடுங்கள்.

பழையவனைப் பற்றி நீங்கள் எழுதியதில் முக்கால்வாசி நெட்டும் பந்துப்பையும்தான். பந்தைத் தரையில் விழ விடமாட்டான் என்பதைப் போகிற போக்கில் ஒரே ஒரு இடத்தில் சொல்கிறீர்கள். அதை நல்ல குணத்தோடு சேர்த்து எழுதிவிட்டீர்கள், ஆனால் அது ஆட்டத்திறன். சர்வீஸ் எடுப்பதற்கும் விழும் பந்தைத் தூக்குவதற்கும் என்றே சர்வதேச வாலிபாலில் 1998-இல் லிபரோ என்ற இடத்தைக் கொண்டுவந்தார்கள். நெட்டில் பிளாக் போட முடியாத உயரம் அங்கே தடையில்லை. உங்கள் அணியில் லிபரோ யார்? அவனுக்குக் காய்ச்சல் வந்தால் யார்? சர்வீஸ் எடுக்கத் தெரியாத உயரமானவன் சுழற்சியில் பின்வரிசைக்கு வரும்போது அவனுக்குப் பதில் யார் இறங்குவார்? நான் உளவியல் ஆலோசகர், வாலிபால் உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் இந்தக் கேள்விகள் கடிதத்தில் எங்கும் இல்லை என்பது எனக்குத் தெரிகிறது. இருவரில் யார் சிறந்தவன் என்றே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மற்ற 11 பேரிடம் எது இல்லை என்று கேட்டால் பதில் சீக்கிரம் வரலாம்.

1966 உலகக் கோப்பைக் கால்பந்தில் இங்கிலாந்தின் பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்ஸே இப்படித்தான் கணக்குப் போட்டார். அணியின் பெயர்பெற்ற கோலடிப்பவர் ஜிம்மி கிரீவ்ஸ், பிரான்ஸுடனான ஆட்டத்தில் காலில் அடிபட்டு வெளியேறினார். அவர் இடத்துக்கு ஜெஃப் ஹர்ஸ்ட் வந்தார். இறுதி ஆட்டத்துக்குள் கிரீவ்ஸ் தேறிவிட்டார். ஆனால் சேர்ந்து நன்றாக ஆடிக்கொண்டிருந்த அணியை ராம்ஸே கலைக்கவில்லை. ஹர்ஸ்ட் மூன்று கோல் அடித்தார், இங்கிலாந்து 4-2 என்று வென்றது. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி அந்தக் கோப்பையில் கிடையாது, ஆகவே கிரீவ்ஸ் முழு ஆட்டத்தையும் வெளியே உட்கார்ந்துதான் பார்த்தார். பதக்கமும் அன்று களத்தில் ஆடிய 11 பேருக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு 2009-இல்தான் கொடுத்தார்கள். ராம்ஸேயின் முடிவு சரியாக அமைந்ததால் கிரீவ்ஸின் வலி குறைந்துவிடவில்லை. நாளை உங்கள் பையன் ஒருவன் அழுதால், அதை வைத்தே நீங்கள் தப்பு செய்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள்.

கண் ஏமாறும் இடங்கள்

இந்த வயதுப் பிரிவில் உயரம் பெரிய மாயக்காரன். பையன்கள் கிடுகிடுவென்று வளரும் காலம் சராசரியாக 14 வயதை ஒட்டி வருகிறது. ஒருவனுக்கு 12-லேயே வந்துவிடும், இன்னொருவனுக்கு 16 ஆகலாம். உங்கள் 19 பேரின் பிறந்த தேதிகளையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். கனடாவின் இளையோர் ஐஸ் ஹாக்கி அணிகளை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1980-களில் ஆராய்ந்தபோது, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பது தெரிந்தது. அங்கே வயதுக் கணக்கு ஜனவரி 1-இல் தொடங்கும். டிசம்பரில் பிறந்தவனைவிட ஜனவரியில் பிறந்தவன் ஏறக்குறைய ஓராண்டு மூத்தவன். அந்த முதிர்ச்சியைத் திறமை என்று எடுத்துக்கொண்டு அவனை எடுத்தார்கள், எடுத்தவனுக்கு நல்ல பயிற்சியும் நிறைய ஆட்டங்களும் கிடைத்தன, போகப் போக அவன் நிஜமாகவே முன்னால் போய்விட்டான். பிறகு கால்பந்து உட்படப் பல விளையாட்டுகளில் இதையே கண்டார்கள். உங்கள் பட்டியலும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனையே பள்ளி அணியிலிருந்து தூக்கியெறிந்தார்கள் என்ற கதையை நீங்களும் பையன்களிடம் சொல்லியிருப்பீர்கள். நடந்தது கொஞ்சம் வேறு. 1978-இல் பள்ளியின் முதல் அணிக்கு உயரமான ஆள் தேவைப்பட்டதால் ஜோர்டனின் வகுப்பிலிருந்து அவரைவிட உயரமான நண்பரை எடுத்துக்கொண்டார்கள். ஜோர்டனை இளையோர் அணியில் ஆட விட்டார்கள். அந்த ஆண்டு முழுக்க அவர் அங்கே ஆடினார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான்: இடம் கிடைக்காதவனுக்கு ஆட ஓர் அணி இருந்தது. உங்கள் 7 பேருக்கு அப்படி எதுவும் இருக்கிறதா? வாலிபாலில் களத்தில் நிற்பது 6 பேர். 7 பேர் என்றால் ஒரு முழு அணியும் ஒரு மாற்று ஆளும். அவர்களுக்குச் சில நட்பு ஆட்டங்களாவது ஏற்பாடு செய்ய முடிந்தால், அதைப் பட்டியல் வருவதற்கு முன்பே உறுதி செய்துவிடுங்கள்.

ஒரு நல்ல ஸ்பைக், அதாவது நெட்டுக்கு மேலிருந்து ஓங்கி அடிக்கும் அடி, முழுப் பயிற்சியையும் மறக்கடித்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழிருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920-இல் அலசினார். உடல்வாகில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கு அறிவுக்கும் குணத்துக்கும்கூடத் தாராளமாகவே போட்டிருந்தார்கள். இதைத் தவிர்க்க எண்ணிக்கை உதவும். சர்வீஸ் எடுப்பதை 0 முதல் 3 வரை குறிப்பது பயிற்சியாளர்கள் பலர் செய்வதுதான்: செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) நின்ற இடத்திலேயே பந்து வந்து எந்தப் பக்கமும் கொடுக்க முடிந்தால் 3; செட்டர் நகர்ந்து, வழி குறைந்தால் 2; உயரத் தூக்கி ஒரே பக்கம் கொடுக்க வேண்டிவந்தால் 1; புள்ளி போய்விட்டால் 0. ஒரே நாளில் முடிக்காமல் பல நாள்களில் பிரித்து எழுதுங்கள். நீங்களும் வெளியிலிருந்து வருபவரும் தனித்தனியாகக் குறியுங்கள், முடியும்வரை ஒருவருக்கொருவர் காட்ட வேண்டாம். அடிப்பது, சர்வீஸ் போடுவது, தவறுக்குப் பின் அடுத்த பந்துக்குத் தயாராவது என்று மற்றவற்றுக்கும் இப்படியே.

ஆனால் எண் உங்களுக்குப் பதிலாக முடிவெடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஒருவனுக்கு 2.1, மற்றவனுக்கு 2.0 என்று வந்தால் அது தீர்ப்பில்லை. அங்கே நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும், அது என் முடிவு என்று சொல்லவும் வேண்டும்.

இல்லை என்று சொல்லும் விதம்

காரணம் சொல்லாவிட்டால் பையன் மனசு நோகாது என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் மறுக்கிறேன். காரணம் தெரியாத பையன் தானே ஒன்றைக் கண்டுபிடிப்பான், அது பெரும்பாலும் உண்மையைவிடக் கொடூரமாக இருக்கும்.

பட்டியல் ஒட்டுவதற்கு முன், அதே நாளில், 7 பேரையும் தனித்தனியாகக் கூப்பிடுங்கள். மற்றவர்கள் பார்வையில் படாத, ஆனால் மூடிய அறையாக இல்லாத இடம். உட்கார்ந்து பேசுங்கள். முதல் வாக்கியத்திலேயே முடிவு வந்துவிட வேண்டும்: "தம்பி, இந்தப் போட்டிக்கான 12 பேரில் நீ இல்லை." நீ ரொம்ப நல்ல பையன், எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும் என்று சுற்றி வளைத்தால் அந்த ஒரு நிமிடமும் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பான். அடுத்தது காரணம், முன்பே வாசித்துக்காட்டிய தாளிலிருந்து: "சர்வீஸ் எடுப்பதில் உன் கணக்கு இது, அணிக்குத் தேவைப்பட்டது இது." பிறகு, அடுத்த மூன்று மாதத்தில் அவனோடு சேர்ந்து நீங்கள் எதில் வேலை செய்வீர்கள் என்பது. அதற்குப் பின் பேசாமல் இருங்கள். அழுதால் அழட்டும், கோபப்பட்டால் படட்டும்.

அடுத்த ஆண்டு நிச்சயம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இன்னொரு பையனோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்று உங்கள் பாரத்தை அவன் தலையில் வைக்காதீர்கள். முக்கியமாக, நெட் கட்டும் பையன் வெளியே நிற்க நேர்ந்தால், அணியோடு வந்து உதவியாக இரு என்று அன்றைக்கே கேட்காதீர்கள். அவனுக்கு அது, உன் கை வேண்டும், ஆட்டம் வேண்டாம் என்றுதான் கேட்கும். சில நாள் கழித்து, மறுக்கும் உரிமையோடு கேளுங்கள்.

பெற்றோருக்கு அன்று மாலையே தகவல் சொல்லிவிட்டு, விவரமாகப் பேச மறுநாள் நேரம் கொடுங்கள். அவர்கள் மகனைப் பற்றி மட்டும் பேசுங்கள். அவனை மட்டும் எடுத்தீர்களே என்று வேறொரு பெயரைச் சொன்னால், அந்தப் பையனைப் பற்றி அவன் பெற்றோரிடம்தான் பேசுவேன் என்று சொல்லிவிடலாம். பின்வரும் வாரங்களில் 7 பேரில் யாராவது தூங்காமல், சாப்பிடாமல், நண்பர்களை ஒதுக்கிக்கொண்டு இருப்பதாகக் கேள்விப்பட்டால் பெற்றோரிடம் பேசி ஆலோசகரிடம் அனுப்புங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற மாதிரி ஒரு சொல் காதில் விழுந்தால் அன்றைக்கே செய்யுங்கள், விளையாட்டுக்குச் சொன்னான் என்று விட்டுவிடாதீர்கள்.

வழக்கு என்ற மிரட்டல்

என் மகனை எடுத்தே ஆக வேண்டும் என்று கேட்கும் உரிமை எந்தப் பெற்றோருக்கும் இல்லை. மகன் நியாயமான முறையில் பரிசீலிக்கப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு. உலக அளவில் விளையாட்டு வழக்குகளைக் கேட்கும் நடுவர் மன்றம் 1984 முதல் லொசானில் இருக்கிறது. தேர்வுத் தகராறுகளும் அங்கே போவதுண்டு. இத்தகைய தகராறுகளில் பொதுவாகப் பார்ப்பது, முன்பே அறிவித்த விதிப்படி தேர்வு நடந்ததா, ஒருதலைப்பட்சம் இருந்ததா என்பதைத்தான். யார் நன்றாக அடிக்கிறான் என்ற உங்கள் ஆட்ட அறிவை அவ்வளவு எளிதில் மாற்றி எழுத மாட்டார்கள். உங்கள் மன்றத்தின் விதிகளில் முறையீட்டுக்கு வழி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை நீங்களே அந்த அப்பாவுக்குச் சொல்லுங்கள். கையில் தேதி போட்ட மதிப்பெண் தாள் இருந்தால் உங்கள் குரலும் பதறாது. நோட்டீஸ் என்று ஏதாவது வந்தால் மட்டும் வழக்கறிஞரைப் பார்க்காமல் பதில் எழுதாதீர்கள். அந்த அப்பாவின் மிரட்டலுக்குப் பயந்து எடுப்பதும் தவறு, அதே எரிச்சலில் அவர் மகனைத் தள்ளுவதும் தவறு.

வாக்கெடுப்பு வேண்டாம். 14 வயதுப் பையன்களிடம், உங்களில் யார் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள் என்கிறோம். ரகசியம் இரண்டு நாள் தாங்காது. தோற்றவன் ஒருவருக்குப் பதில் ஒரு கூட்டமே தன்னை ஒதுக்கியதாக எடுத்துக்கொள்வான். அவர்கள் கருத்து தேவை என்றால், யாரோடு சேர்ந்து ஆடும்போது உனக்கு எளிதாக இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கலாம். முடிவு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

போன ஆண்டு நின்றுபோன பையனிடம் இப்போது போய்ப் பேசினால் நன்றாக இருக்குமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். போங்கள். முதலில் அவன் பெற்றோரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். "அந்தச் செய்தி உனக்கு போனில் வந்திருக்கக் கூடாது, நான் நேரில் சொல்லியிருக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். அவன் ஏன் தேர்வாகவில்லை என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். திரும்பி வா என்று வற்புறுத்த வேண்டாம். ட்ரையல்ஸ் தேதியை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். வந்தான் என்றால் 20 பேராகிவிடும். மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே தாளை அவனுக்கும் கொடுங்கள், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.